மூன்றாம் வீட்டு வாசல்

மஞ்சள் தலைக்கவசத்துக்குள் நான்கு சீட்டுகள் கிடந்தன. எல்லாரும் முதல் நம்பர் மூலைவீட்டுக்கு ஏங்கினார்கள். தையல்காரி மட்டும் ‘மூணு வரணும், மூணுதான் வரணும்’ என்று வேண்டிக்கொண்டாள்.

சொந்தக் கூரை இல்லாத நான்கு குடும்பங்களும், விடுமுறை நாட்களில் வந்து உழைத்த தொண்டர்களும் எட்டு மாதம் சேர்ந்து கட்டிய நான்கு வீடுகள். எது யாருக்கு என்று கடைசி நாள் வரை தெரியாது. தெரிந்தால் தங்கள் சுவருக்கு மட்டும் சிமென்ட்டை அள்ளிக் கொட்டுவார்களே!

இன்ஜினியரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார்: “தப்பு பண்ணலாம், இடிச்சுக் கட்டிக்கலாம். மறைச்சா மட்டும் வீடு கிடையாது. அடுத்த வருஷ வரிசையில கடைசியா நிக்கணும்.”

தையல்காரி மறைத்திருந்தாள்.

மூன்று மாதத்துக்கு முன், வாசலுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டலைப் பலகைப் பெட்டியில் வார்த்தபோது, “நாலு கம்பியும் வச்சாச்சா?” என்று கேட்டார் கொத்தனார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காமலே “ஆச்சுண்ணே” என்றாள். எல்லாரும் போனபின், தூறலுக்காகக் கம்பிகள்மேல் போட்டிருந்த சாக்கைத் தூக்கினால், இரண்டு கம்பிகள் அடியில் கிடந்து பல்லிளித்தன. சொன்னால் வீடு தள்ளிப்போகுமோ என்ற பயத்தில் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

ஈரக் கான்கிரீட்டில் ஒரு தொண்டர் விளையாட்டாய்க் கையைப் பதித்திருந்தார். அந்தக் கைத்தடம் மூன்றாம் வீட்டு வாசலுக்கு மேலே ஏறியதை அவள் பார்த்தாள். பிறகு பூச்சு மூடிவிட்டது. இன்று காலை அங்கே தலைமுடி போல ஒரு விரிசல். சுண்ணாம்பைக் குழைத்துக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டு வந்திருந்தாள்.

மூன்று தனக்கே விழுந்தால், கொத்தனாரின் காலில் விழுந்தாவது சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ளலாம்.

சீட்டைப் பிரித்தாள். ஒன்று.

“அடிச்சதுடி யோகம்!” என்றான் கணவன். வாடகை அறையை ஞாயிறுக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். பாத்திரமெல்லாம் மூட்டையில் இருந்தது.

மூன்று, சலவைக்காரனுக்கு. ஊரையே கூட்டும் குரலுக்காக எல்லாரும் அவனை ‘மைக்’ என்பார்கள். அவனுடைய இரட்டைப் பெண்கள் மூன்றாம் வீட்டு வாசலுக்கு ஓடிப்போய், நிலைக்காலில் முதுகை ஒட்டி நின்று யார் உயரம் என்று சண்டை போட ஆரம்பித்தார்கள்.

தையல்காரி மைக்கிடம் போனாள். “அண்ணே, மாத்திக்கலாமா? நீங்க ஒண்ணை எடுத்துக்குங்க.”

மைக் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “மூலைவீட்டைக் குடுக்கறியா? எலி ஏன் அம்மணமா ஓடுது? மூணுல புதையல் கிதையல் இருக்கா?”

எல்லாரும் சிரித்தார்கள்.

“இல்லண்ணே, எனக்கு அந்த வீடு பிடிச்சிருக்கு.”

“எனக்கும் இப்பதான் ரொம்பப் பிடிக்குது. மாட்டேன்!”

“பைத்தியமா உனக்கு?” கணவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

மைக்கின் மனைவி புதுக்கதவைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. “ஏங்க, மேலே பிடிக்குது” என்று பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். சின்னவளின் தலையில் சுண்ணாம்புத் தூள் பொலபொலவென்று கொட்டியது.

“வெளிய வாங்க! வாசல்ல நிக்காதீங்க!”

கத்திக்கொண்டே ஓடிய தையல்காரி, இரண்டு பிள்ளைகளையும் தரதரவென்று இழுத்து வெளியே போட்டாள். மூச்சு வாங்கியது. கொத்தனாரைப் பார்த்தாள்.

“நாலு கம்பி வைக்கலண்ணே. ரெண்டுதான்.”

கொத்தனார் இரும்புமுட்டு கொடுத்துச் சுவரைத் தாங்கிவிட்டு, சுத்தியலால் பூச்சைத் தட்டினார். பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. கைத்தடத்தின் ஐந்து விரல்களும் தெரிந்தன. உள்ளங்கைக்குக் குறுக்கே விரிசல் ஓடியிருந்தது.

“எத்தனை நாளாத் தெரியும்?” என்றார் இன்ஜினியரம்மா.

“அன்னிக்கே தெரியும்மா.”

அவர் மைக்கின் குடும்பத்தைக் கைகாட்டினார். “ஒண்ணு இவங்களுக்கு. மூணு சரியானதும் வரிசையில அடுத்த குடும்பத்துக்கு. விதி உங்களுக்கும் தெரியும்.”

தையல்காரி சீட்டோடு வாங்கியிருந்த முதல் வீட்டுச் சாவியை மைக்கிடம் நீட்டினாள்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே” என்றான் கணவன்.

சாவியை வாங்கிய மைக்கின் முகம் சிவந்தது. “எம்புள்ளைங்க தலைமேலயா விளையாடின?” என்று முதல்முறையாகத் தாழ்ந்த குரலில் கேட்டான். நாலடி போனான். பெரியவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். திரும்பினான்.

“ஞாயிறுக்குள்ள நாங்க எங்க வாடகை ரூமைக் காலி பண்ணிடுவோம். ஓனர்கிட்டப் பேசறேன். வந்து இருந்துக்குங்க.”

அவள் நிமிர்ந்தாள்.

“மழை வந்தா ரெண்டு இடத்துல ஒழுகும். கதவுத் தாழ்ப்பாள் நிக்காது. இப்பவே சொல்லிட்டேன். நான் எதையும் மறைக்கற ஆள் இல்ல.”