சிவப்பு எச்சரிக்கை வந்தால்

செருப்பு அலமாரிக்கு மேல் இருந்த சின்னக் கறுப்புப் பெட்டியைத் தம்பி மூன்றாவது முறையாகக் குடைந்துகொண்டிருந்தான். குடைந்து என்ன ஆகப்போகிறது? பெட்டியில் பழுது ஒன்றும் இல்லை. அதில் இருந்த கிரிப்டோ நாணயம்தான் துடைத்து எடுத்ததுபோல் போய்விட்டது. அக்காள் புருஷன் இருபத்தாறு வருடம் வெல்டிங் பட்டறையில் கண்ணைக் கொடுத்துச் சேர்த்த பணம் அது. இந்த மாதக் கடைசியில் சொந்த வீட்டுக்குப் பத்திரம் பதிவதாக இருந்தார்கள்.

நாணயத்தில் போடச் சொன்னவனே தம்பிதான். யாரையும் நம்ப வேண்டாம் என்று மணிக்கணக்காகப் பேசி, நோடு என்கிற இந்தக் கணினிப் பெட்டியை வீட்டிலேயே அமைத்துத் தந்தவனும் அவன்தான். அக்காளின் போனில் உள்ள வாலட் என்ற பணப்பைச் செயலி எங்கிருந்தாலும் இந்தப் பெட்டியோடு பேசும். பேசுவதற்கு முன் பெட்டி, தான் அதே பெட்டிதான் என்று நிரூபிக்கும் டிஜிட்டல் சான்றிதழைக் காட்ட வேண்டும். பழகிய சான்றிதழ் என்றால்தான் போன் பணத்தைத் திறக்கும் ரகசியச் சாவியைக் கொடுக்கும். அலுவலகத்தில் அவனுக்குச் சான்றிதழ்களைக் காக்கிற வேலை. அங்கே ஓர் எழுத்து மாறினாலும் ஊரைக் கூட்டிவிடுவான்.

அக்காள் வீடுதானே என்று இங்கே மட்டும் அசட்டை. சில மாதங்களுக்கு ஒருமுறை தன் இடத்தில் இருந்தபடியே சான்றிதழைப் புதுப்பிப்பான். புதியதைக் கண்டதும் போன் மிரளும். திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை. அக்காள் பதறிப்போய்க் கூப்பிடுவாள். இரண்டு தடவை பொறுத்தான். மூன்றாம் தடவை வள்ளென்று விழுந்தான்.

"சிவப்பா வந்தா 'ஏற்கிறேன்'னு அழுத்துக்கா. இதுக்கெல்லாம் எனக்குப் போன் பண்ணாதே."

அதோடு அவள் கூப்பிடவே இல்லை. அவனுக்கும் நிம்மதியாகப் போயிற்று, படித்த பாவி!

பெட்டியின் பதிவுகளையும் அக்காள் சொன்னதையும் சேர்த்துப் பார்த்ததில் இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை கண் மருத்துவமனையில் மாமாவை உள்ளே அனுப்பிவிட்டு, அங்கிருந்த இலவச வைஃபையில் வாலட்டைத் திறந்திருக்கிறாள். எவனோ நடுவில் புகுந்து, நான்தான் உன் பெட்டி என்று பொய்ச் சான்றிதழ் நீட்டியிருக்கிறான். போன் சிவப்பாகக் கத்தியிருக்கிறது. அவள் தம்பி சொன்னபடி அழுத்தியிருக்கிறாள். மாமா மருந்து விட்ட கண்ணோடு வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அக்காள் அவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை நீட்டினாள். அவளுடைய குண்டுகுண்டான கையெழுத்து: 'சிவப்பு வந்தால் ஏற்கிறேன். தம்பியைத் தொந்தரவு செய்யக் கூடாது.' இரண்டாவது வரிக்கு அடிக்கோடு வேறு.

"மாமா கண்ல படறதுக்கு முன்னாடி கிழிச்சுட்டேன். எடுத்துட்டுப் போயிடு."

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேண்டாம் அக்கா, நானே சொல்லிவிடுகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

கூடத்தில் மாமா தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, ஒண்ணே ஒண்ணு சொல்லு. சிவப்பா வந்தா தொடாதேன்னு இவகிட்ட நீ சொன்னியா, இல்லையா?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"சொன்னேன் மாமா."

"ஆமா, சொன்னான்," என்றாள் அக்காள். "நான்தான் மறந்துட்டேன்."