அவசரப்பட்ட சுரப்பி

யார் உடம்பில் முடியைப் பார்த்தாலும் என் மனைவிக்குக் கை துறுதுறுக்கும். பியூட்டி பார்லர் நடத்துகிறவள். கல்யாணமான புதிதில், நான் அசந்து தூங்கிய நேரம் பார்த்து என் புருவத்தைத் திருத்திவிட்டாள். டிரைவிங் ஸ்கூலில் என்னிடம் வண்டி பழக வந்தவர்கள் ரோட்டை விட்டுவிட்டு என் மூஞ்சியையே பார்த்தார்கள். அப்படிப்பட்டவள் கையில்தான் எங்கள் ஏழு வயது மகள் வாலு மாட்டினாள்.

வாலு விளையாடிவிட்டு வந்தால் பெரியவர்களைப் போல வியர்வை நாற்றம். நெற்றியில் பரு. அக்குளில் நாலைந்து முடி. இந்த வயதில் இது என்ன கூத்து? எட்டு வயதிலேயே வயசுக்கு வந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. ஹார்மோன் டாக்டரிடம் கூட்டிப்போனோம்.

டாக்டரம்மா வாலுவின் கையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"எங்க முடி?"

"நேத்தே எடுத்துட்டேன் டாக்டர்," என்றாள் என் மனைவி பெருமையாக. "அப்படியே எப்படிக் கூட்டிட்டு வர்றது?"

"நல்லா இருக்கும்மா! விருந்தாளி வர்றாங்கன்னு வீட்டைப் பெருக்கி வைக்கிற மாதிரியில்ல பெருக்கிட்டு வந்திருக்கீங்க. எவ்வளவு முளைச்சிருக்குன்னு நான் பார்க்க வேண்டாமா? ஒரு மாசம் கை வைக்காதீங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மனைவி முறைத்த முறைப்பில் அடக்கிக்கொண்டேன்.

டாக்டரே விளக்கினார். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி அட்ரினல் சுரப்பி உட்கார்ந்திருக்கிறதாம். மூளை ஒரு ஹார்மோனை அனுப்பி அதை வேலை வாங்குகிறதாம். "அதே ஹார்மோனை ஊசியில போட்டு விரட்டிப் பார்ப்போம். சில குழந்தைங்களுக்கு அந்தச் சுரப்பி செய்ய வேண்டியதைச் செய்யாம வேற எதையாவது கொட்டும். அப்படின்னா மாத்திரை வேணும். இல்லாட்டி பயமில்ல."

அந்த ஒரு மாதம் என் மனைவி பட்ட பாடு இருக்கிறதே! வாலு கையைத் தூக்கினால் இவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். கடுப்பையெல்லாம் என் மீசையில் காட்டினாள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "மாத்திரைன்னு சொல்லிட்டா என்னங்க பண்றது?" என்பாள். "அதெல்லாம் சொல்ல மாட்டாங்க, தூங்கு," என்று அதட்டுவேன். எனக்கும் தூக்கம் வராது.

சோதனையன்று காலையில் டாக்டர் முளைத்ததைப் பார்த்து முடித்ததும், வாலுவின் கையில் சின்னக் குழாய் சொருகி ரத்தம் எடுத்தார்கள். ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம். வாலு அழவே இல்லை. காத்திருந்த நேரத்தில் என் மனைவி நர்சம்மாவின் புருவத்துக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். பயம் வந்தால் அவளுக்கு வாய் ஓயாது.

அடுத்த வாரம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். "சுரப்பி ஒழுங்காத்தான் வேலை செய்யுது. என்ன, கொஞ்சம் அவசரப்பட்டு முழிச்சுக்கிச்சு. வயசுக்கு வர்றது வேற கணக்கு, அது இன்னும் நல்லாத் தூங்குது. மருந்து வேண்டாம். அப்பப்ப கூட்டிட்டு வந்து உயரத்தை மட்டும் காட்டுங்க."

அப்பாடா! எனக்கு அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. வெளியே வந்ததும் வாலுவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினேன்.

"அம்மா, இப்ப எடுத்துடுறியா?" என்றாள் வாலு.

"எதைடி?"

"முடியை. டாக்டர்தான் பார்த்துட்டாங்கல்ல."

"வேணாம்டா செல்லம். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"அசிங்கமா இருக்குமே?"

"யாருடி அப்படிச் சொன்னது? எந்தக் கழுதை சொன்னது?" என்று என் மனைவி சண்டைக்குக் கிளம்பினாள்.

"நீதாம்மா. அன்னைக்கு எடுக்கும்போது சொன்னியே."

என் மனைவி அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். இத்தனை நாள் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. வாலு வெலவெலத்துப் போனாள்.

"அழாதம்மா. இந்தா, எடுத்துக்கோ," என்று இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றாள்.