நிலவறைச் சக்களத்தி

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம். டென்மார்க்கின் சில்க்போர்க்கில் இருந்த தமிழர்கள் வன்னிப் போர்ச் செய்திக்காகத் தொலைக்காட்சியே கதியென்று கிடந்தார்கள். இன்பமலரின் புருஷன் தேவநாயகம் மட்டும் வீட்டு நிலவறையில் தன் இரண்டு சின்தசைசர் இசைப்பெட்டிகளோடு கிடந்தான். பழையதையும் புதியதையும் வயரால் இணைத்து, புதியதன் வயிற்றைத் திறந்து, கூடுதல் ஒலிகளுக்கென்று ஒரு போர்டும் பூட்டியிருந்தான். அந்தப் போர்டைப் பச்சைக் குழந்தையைப் போலத் தூக்கினானே, அந்தக் கை அவள் தோளைத் தொட்டு எவ்வளவு காலம்! புதியதற்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி.

அன்று அவளுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறென்று படியிறங்கினாள். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சக்களத்தியின் கட்டைகளில் விரலோட்டிக்கொண்டிருந்தான்.

“உங்கட அக்கா அங்க பங்கருக்குள்ள கிடக்கிறா. உங்களுக்குப் பாட்டுக் கேக்குதோ?”

ஹெட்போன் வயரைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தாள். எதிலும் செருகியிராத நுனி அவள் கையோடு வந்தது.

தேவநாயகம் தலை நிமிரவில்லை. “மேல ரெலிபோன் அடிச்சா எனக்குக் கேக்கக்கூடாது.”

அந்நேரம் பார்த்து மேலே ரெலிபோன் அடித்தது.

இன்பமலர் தன் கையாலேயே வயரைச் சக்களத்தியில் செருகினாள். சத்தத்தைக் கூட்டினாள்.

“வாசியுங்கோ,” என்றுவிட்டுப் படியேறினாள்.