பினாங்குக்குத் திரும்பும் விமானம்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. ஆசாரியிடம் அலமாரிக்குச் சொல்லிவைப்பதுபோல் பூங்காவனம் என்னிடம் சொல்லிவைத்தது. மலாய் நாட்டில், எங்கள் காஜா பெராங்கில், அவள் எனக்குப் பக்கத்து வீடு.

"அண்ணே, கிளேபாங் கடல்ல நீங்க புடிச்ச சுறா உங்ககிட்ட மலாய் பாஷையில மன்னிப்புக் கேட்டுச்சுன்னு கோப்பிக்கடையில சொன்னீங்களாமே?"

"கேட்டது உண்மை. பண்பான சுறா."

"அவ்வளவு புளுகுற ஆளு, எனக்காக ஒண்ணு எழுதக்கூடாதா? அந்த ஏரோப்ளேன்ல நான் வாயைத் தொறந்து சொல்லிட்டதா எழுதுங்க. அது பினாங்குக்குத் திரும்பட்டும்."

சிரிப்பதற்காக வாயைத் திறந்தேன். அவள் வெறும் நெற்றியைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

2

ஆரம்பம், முதல் முயற்சி: 'மெர்டேக்கா சுதந்திரத்துக்கு மறுவருஷம் சிங்கப்பூரிலிருந்து மெட்ராஸுக்குக் கிளம்பிய விமானம், நீலவானில் ஒரு வெள்ளிப் பறவையைப்போல—'

வேண்டாம். விமானத்தில் ஏறாதவன்தான் பறவை என்று எழுதுவான். நான் ஏறியதில்லை. (ஏறியதாகக் கோப்பிக்கடையில் சொல்லியிருக்கிறேன். அது வேறு.)

இரண்டாம் முயற்சி: பூங்காவனத்தின் கணவர் சுப்பையன் லாரி ஓட்டியவர். இதயம் பழுது. ஊரில், தாயில்லாத அவரைத் தூக்கி வளர்த்த அக்காள் படுத்த படுக்கை. கப்பலில் போகலாமென்று போனார். கப்பல் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு இறக்கிவிட்டார். விமானத்தில் குழாய் வைப்பதில்லை என்று யாரோ சொல்ல, லாரியை விற்று இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தார். கிளம்புமுன் ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு மனைவியைக் கூட்டிப்போய், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். அக்காள் முகத்தைப் பார்க்கும்வரை தன் நெஞ்சுவலியைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடக்கூடாது.

"மீறினா?" என்று கேட்டாளாம்.

"மீறினா எனக்குத்தான் கேடு" என்றாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். கணவன்மார் இப்படித்தான், விளையாட்டாக எதையாவது சொல்லிவிட்டு

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனமில்லை.)

3

பினாங்கைத் தாண்டிக் கடல் வந்ததும் சுப்பையனுக்கு வியர்த்தது. இடது கையை மடக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பணிப்பெண் ஓடிவந்தாள். (அவள் பெயர் பூங்காவனத்துக்குத் தெரியாது. விஜயா என்று வைக்கிறேன். மெட்ராஸ்காரி.) சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். பின்வரிசைக்காரர்களை எழுப்பிவிட்டு அவரைச் சாய்த்துப் படுக்கவைத்தாள். பிராணவாயுச் சிலிண்டரைக் கொண்டுவந்து மூக்கின்மேல் ரப்பர் மூடியைப் பொருத்தினாள். டாக்டர் யாராவது உண்டா என்று சத்தமாகக் கேட்டாள். ஒருவர் கையைத் தூக்கினார். அவருக்கு வேண்டியது தண்ணீராம்.

(இங்கே என் கை சும்மா இருக்கவில்லை. விஜயா ஜன்னலைத் திறந்து ஒரு மேகத்தைக் கிள்ளி அவர் நெற்றியில் பற்றுப் போட்டதாக எழுதினேன். அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.)

விமானியிடம் போய்வந்து விஜயா குனிந்தாள்.

"அம்மா, வெறும் தலைசுத்தல்னா மெட்ராஸுக்கே போயிடலாம். நெஞ்சுக் கோளாறுன்னா பினாங்குக்குத் திரும்பி ஆஸ்பத்திரியில சேக்கணும். இப்பவே சொன்னாத்தான் உண்டு. ரொம்ப தூரம் போயிட்டா திரும்பியும் பிரயோஜனமில்ல. இவருக்கு முன்னாடியே நெஞ்சுவலி இருக்கா?"

மூடிக்கு மேலே சுப்பையனின் கண்கள் மனைவியைப் பார்த்தன.

சத்தியத்தை மீறினால் கேடு யாருக்கு என்பது பூங்காவனத்துக்கு நினைவிருந்தது. அவரைக் காப்பாற்றத்தான் பதில் சொன்னாள்.

"ஒண்ணுமில்லம்மா. காலையில சாப்பிடல."

விமானம் மெட்ராஸில் தரையைத் தொட்டபோது அவர் உயிரோடு இல்லை.

4

முடிவுகளை நேற்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

ஒன்று: சொல்லிவிடுகிறாள். விமானம் திரும்புகிறது. சுப்பையன் பிழைக்கிறார். செய்தி கேட்ட சந்தோஷத்தில் ஊரில் அக்காளும் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கிறாள்.

"அக்காவை விடுங்கண்ணே. தம்பி முகம் பாக்காமயே அதே வாரம் போயிட்டாங்க. அளவா அளங்க."

இரண்டு: சொல்லிவிடுகிறாள். அவர் பிழைக்கிறார். அக்காள் அவரைக் காணாமலே சாகிறாள். காஜா பெராங்குக்குத் திரும்பிய சுப்பையன், சத்தியத்தை மீறியவளோடு அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை நகர்த்தினால் சோறு வேண்டும் என்று அர்த்தம். துண்டை உதறினால் குளிக்கப் போகிறார் என்று அர்த்தம். அப்படியே வருஷங்கள் போகின்றன.

இதுதான் நியாயமான முடிவு என்று எனக்குப் பட்டது. கொஞ்சம் பெருமையோடு நிமிர்ந்தேன்.

"பேசாட்டி என்னண்ணே" என்றாள் பூங்காவனம். "வீட்டுல இருப்பாருல்ல."

மூன்றாவது முடிவை, அவள் சொல்லியும் அவர் பிழைக்காததை, நான் வாசிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

5

பொய் எழுதுவதில் எனக்குக் கஷ்டமில்லை என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அவளைப் பேசவைக்கும்போதெல்லாம் சுப்பையன் பார்க்கிறார். 'சொல்லாதே' என்று பார்த்தாரா, 'சொல்லிவிடு' என்று பார்த்தாரா? அது தெரியாமல் எனக்கு அடுத்த வரி ஓடவில்லை. அவளையே கேட்டேன்.

"தெரிஞ்சா உங்ககிட்ட எதுக்குண்ணே வர்றேன்?"

ஆகவே கதையைக் கடலுக்கு மேலே அப்படியே நிறுத்தியிருக்கிறேன். பெட்ரோல் தீராது, சிலிண்டரும் தீராது. அந்த அளவுக்கு எனக்குப் புளுக வரும். விஜயா குனிந்தபடியே நிற்கிறாள். பாவம், இடுப்பு வலிக்கும். பூங்காவனம் வாயைத் திறந்துவிட்டாள், சொல்தான் வரவில்லை.

வாசிப்பவரே, பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கிறது, உட்காருங்கள். அவளுக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள். சொல்லும்போது அவர் உங்களைத்தான் பார்ப்பார்.