வலது பக்கக் கண்ணாடி

வெர்னா காரின் கதவுக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு போல்டைத் துழாவிக்கொண்டிருந்தபோது மகள் கொரீன் கார் ஷெட்டுக்குள் வந்து நின்றாள்.

"நர்ஸ் சொல்லிட்டாங்கம்மா. அப்பாவுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு."

"தெரியும்."

"பத்து மணிக்கு மருந்து குடுப்பாங்களாம். ஒரு மணி நேரம் வலி தெரியாது. ஏரிக்குப் போறதுன்னா அதுக்குள்ள போயிட்டு வந்துடணும். என் கார்லயே கூட்டிட்டுப் போயேன். ஹீட்டர் ஒழுங்கா வேலை செய்யுது."

"உங்கப்பாவையே கேளு."

"கேட்டேன். உன் கார்ல நான் ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் போயிருக்கேன்னு சொல்றாரு."

போல்ட் விரலில் அகப்பட்டது. "அப்புறம் என்ன? அந்தச் சின்ன ஸ்பானரை எடு" என்றாள் வெர்னா.

அறுபத்தேழாம் வருஷத்து இரண்டு இருக்கைக் கார் அது. வெர்னாவுடையது. அவள் கணவர் லீலண்ட் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். வீட்டுக்கு வந்தபின் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஏரிக்கரை வரை ஓட்ட, அவர் வலது பக்கம் உட்கார்ந்து வருவார். முப்பது வருஷமாக அவர் பக்கத்துக் கதவுக் கண்ணாடி காற்றில் விசிலடித்தது. சட்டமில்லாத கண்ணாடி, ஏற்றினால் அதன் மேல் விளிம்பு துணிக் கூரையின் ரப்பரில் போய் அழுந்த வேண்டும். பின்மூலையில் அழுந்தாமல் ஒரு கீற்று இடைவெளி. காது மரத்துப்போச்சு என்று அவர் அலுத்துக்கொள்வார். அடுத்த வாரம் பார்க்கிறேன் என்பாள்.

பார்க்காமலும் இல்லை. ஷெட்டில் கச்சிதமாக நிற்கும், ரோட்டில் ஏறினால் விசில் வந்துவிடும். கார் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் கதவு பொருத்தியவள் அவள். அதை நினைத்தாலே வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போதோ அது வெறும் மானப் பிரச்சினை இல்லை. அக்டோபர் காற்று நெஞ்சில் பட்டால் லீலண்டுக்கு இருமல் பிடிக்கும். பிடித்தால் நிற்காது. அவரை அப்படி ஏரிக்குக் கூட்டிப்போய் மூச்சுத் திணற வைக்க அவளுக்கு மனமில்லை. கூட்டிப்போகாமல் இருக்கவும் மனமில்லை.

கண்ணாடியை ஏற்றினாள். ஒரு மளிகைக்கடைச் சீட்டை விளிம்பில் செருகிக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தாள். ரப்பர் விடவில்லை. வழக்கம்போலக் கச்சிதம்.

"நீ உள்ள உட்காரு. விசில் வர்ற இடத்தை வெளியிலேருந்து பார்க்கறேன்."

கொரீன் உள்ளே உட்கார்ந்தாள். வெர்னா சீட்டை மறுபடி செருகிக் கதவைச் சாத்தினாள். இழுப்பதற்கு முன்பே சீட்டு தானாக நழுவித் தரையில் விழுந்தது.

"இறங்கு." சாத்தினாள். பிடித்தது.

"ஏறு." நழுவியது.

வெர்னா ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். இரும்புக் கூரையில்லாத உடம்பு, வயசான வண்டி, ஆள் உட்கார்ந்தால் ஒரு நூல் தொய்கிறது. முப்பது வருஷமும் அவள் காலி இருக்கையை வைத்துக் கண்ணாடியைச் சரிசெய்திருக்கிறாள்.

"மக்கு. வடிகட்டின மக்கு நான்."

மூலையில் கடினநீரை மென்மையாக்கும் இயந்திரத்துக்கான உப்பு மூட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றும் நாற்பது பவுண்டு. கொரீன் தடுத்தும் கேளாமல் தானே தூக்கினாள். ஐந்து மூட்டைகளை இருக்கையில் அடுக்கிப் பெல்ட்டும் மாட்டினாள். பிறகு போல்டுகளைத் தளர்த்தி, கண்ணாடியை உள்பக்கம் சாய்த்து, இறுக்கி, சீட்டை இழுத்து, மறுபடி தளர்த்தினாள். ஒன்பதடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது நான்கு இடத்திலும் சீட்டு பிடித்தது. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

காப்பியோடு வந்த கொரீன் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இது இருநூறு பவுண்டு."

"ஆமா. அவரு இருநூறுதானே."

கொரீன் காப்பியைப் பெஞ்சில் வைத்தாள். "வியாழக்கிழமை நர்ஸ் நோட்டுல எழுதினது தொண்ணூத்தி நாலு பவுண்டும்மா."

வெர்னா கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். சுத்தமான விரல்களையும் திரும்பத் துடைத்தாள். பிறகு பெல்ட்டைக் கழற்றி மேல் மூட்டையைத் தூக்கி வெளியே வைத்தாள். அடுத்ததை வைத்தாள். மூன்றாவது மூட்டையைத் தூக்க முடியவில்லை. முதலிரண்டின் எடைதான் அதற்கும்; அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு சற்று நேரம் அழுதாள். கொரீன் கிட்டே வந்தபோது நிமிர்ந்து அதையும் இறக்கினாள்.

"இன்னும் பதினாலு பவுண்டு வேணும். ஏதாவது கொண்டு வா. நிக்காத."

கொரீன் வாசற்படியில் இருந்த பூசணிக்காயைக் கட்டிக்கொண்டு ஓடிவந்தாள். "பதிமூணரை. பாத்ரூம் எடை மெஷின்ல நிறுத்துட்டேன்."

"போதும். உங்கப்பா சட்டை போட்டிருப்பாரு."

எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள்.

பத்தேகாலுக்கு லீலண்டை இருக்கையில் வைத்தார்கள். கம்பளித் தொப்பிக்குள் முகம் சின்னதாகியிருந்தது. வண்டி நெடுஞ்சாலையில் ஏறி அரை மைல் போனதும் அவர் தலையை மெல்லத் திருப்பினார்.

"விசில் எங்க?"

"நிறுத்திட்டேன்."

"என்ன வியாதியாம் அதுக்கு?"

"உன் தொப்பைதான். நீ உட்கார்ந்தா வண்டி தொய்யுது."

"கடைசியில என் தலையிலேயே கட்டிட்ட பார்."

"வேற யார் தலையில கட்டறது?"

அவர் சிரித்தார். இருமல் வரவில்லை. வெர்னா ரோட்டையும் அவர் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ஓட்டினாள்.

ஏரிக்கரையில் தண்ணீரைப் பார்த்து வண்டியை நிறுத்தினாள். மீன் பிடிக்க வந்த ஒருவனின் பிக்கப் வண்டி தவிர வேறு வண்டி இல்லை. அலை சாம்பல் நிறத்தில் வந்துகொண்டிருந்தது.

"வெர்னா. கண்ணாடியக் கொஞ்சம் இறக்கு."

"உதை வாங்குவ. விடியக்காலையிலேருந்து நான் எதுக்காகக் கஷ்டப்பட்டேன்?"

"கொஞ்சந்தான். தண்ணி வாசனை வரட்டும்."

"இருமுவ."

"இருமினா இருமிட்டுப் போறேன். இறக்கு, கிழவி."

அவள் அவர் மடிமேல் சாய்ந்து கைப்பிடியைச் சுற்றினாள். இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு முகத்தைப் பார்த்தாள். காற்று வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் மெதுவாக இழுத்தார். இருமவில்லை. அவர் கையை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டாள்.

கொரீன் அடுப்பை அணைத்தாளோ என்னவோ என்றாள் வெர்னா. நாளைக்கு அந்தக் கதவின் உள்பலகையை மாட்ட வேண்டும், கிளிப் இரண்டு உடைந்திருக்கிறது என்றாள். மீன் பிடிக்க வந்தவன் ஒன்றும் கிடைக்காமல் கிளம்பிப்போனான். டாஷ்போர்டு கடிகாரம் பதினொன்று காட்டியது.

"போகலாமா?"

திரும்பிப் பார்த்தாள். மணிக்கட்டைத் தொட்டாள். கழுத்தைத் தொட்டாள். பிறகு உள்ளங்கையை அவர் வாயருகே கொண்டுபோய், கை வலிக்கும்வரை வைத்திருந்தாள்.

மறுபடி அவர் மடிமேல் சாய்ந்து கைப்பிடியைச் சுற்றினாள். கண்ணாடி ஏறி ரப்பரில் அழுந்தி நின்றது. பின்மூலையில் விரலை வைத்துப் பார்த்தாள். காற்று வரவில்லை. அவர் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

வீட்டுக்கு ஏழு மைல். அவர் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை.