கள்ளிக்குத் தொட்டி மாற்றிய சனிக்கிழமை

அம்மாவின் கள்ளித் தொட்டி ஒரு வெள்ளிக்கிழமை பிளந்துவிட்டது. முன்னறை ஜன்னல் ஓரம் என்னைவிட ஒரு சாண் உயரமாக நின்ற கள்ளி. வேர் பெருத்து மண்தொட்டியை உள்ளிருந்தே உடைத்திருந்தது. செடி முழுவதும் அம்மா டிவி பார்க்கும் நாற்காலியின் பக்கம் சாய்ந்துவிட்டது. அம்மா எனக்கும் தம்பிக்கும் தனித்தனியாகப் போன் செய்தாள். ஒருவன் வருவதை மற்றவனிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை நான் வண்டியை நிறுத்தியபோது தம்பி லெயாண்ட்ரோ புதுத் தொட்டியை இறக்கிக்கொண்டிருந்தான். இரண்டு வருடமாக நாங்கள் ஒரே கூரையின் கீழ் நின்றதில்லை.

"நீ வரேன்னு அம்மா சொல்லவே இல்லையே அண்ணே."

"சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

"தொட்டிய மட்டும் வாசல்ல வச்சிட்டுப் போயிருப்பேன்."

அவன் பள்ளியில் விளையாட்டு ஆசிரியன். நான் டூசான் நகரத்து வெயிலில் கூரை கூரையாக ஏறி ஏ.சி. பழுது பார்ப்பவன். என் இடது கை முழுசாக நீளாது. எனக்குப் பதினாலு வயதில் அப்பாவின் லாரியை அவருக்குத் தெரியாமல் எடுத்து ஓட்டினேன். அன்று சாயங்காலமே அவர் ஜாக்கிக் கம்பியால் அந்தக் கையை இரண்டு இடத்தில் உடைத்தார். லாரியை எடுத்ததைப் பார்த்தவன் ஒன்பது வயது லெயாண்ட்ரோ மட்டும்தான். வேறு யார் சொல்லியிருக்க முடியும்? முப்பத்தைந்து வருடம் அதைச் சுமந்தேன். அவன் கல்யாணத்திலும் சுமந்துகொண்டுதான் நின்றேன்.

தரையில் செய்தித்தாள் விரித்தோம். பழைய கம்பளத் துண்டைக் கள்ளியின் நடுவில் சுற்றி, அதன் இரண்டு முனையையும் நான் பிடித்துச் செடியை நிமிர்த்தினேன். லெயாண்ட்ரோ சுத்தியலால் தொட்டியை அடித்தான். ஓடுகள் தெறித்தன. ஒன்று என் முழங்காலைக் கிழித்தது.

"பார்த்து அடிடா."

"பயமா இருந்தா வெளிய போய் நில்லு. அம்மாவ வந்து பிடிக்கச் சொல்றேன்."

நாற்காலியிலிருந்து அம்மா சிரித்தாள். வேர்கள் தொட்டியின் வடிவத்திலேயே இறுகிப் பின்னிக் கிடந்தன. ரொட்டி வெட்டும் பல் கத்தியை எடுத்துக்கொண்டு லெயாண்ட்ரோ மண்டியிட்டான். அழுகிய வேர்களைக் கரகரவென்று அறுத்தான். எடை முழுவதும் என் கைகளில் இறங்கியது. இடது முழங்கை வலிக்கத் தொடங்கியது.

"மெதுவாடா," என்றாள் அம்மா. "உங்க அப்பா இதுக்குத் தொட்டி மாத்துனா குழந்தையக் குளிப்பாட்டுற மாதிரி செய்வாரு. ஒரு முள்ளு ஒடியாது."

"குழந்தைங்கள எப்படிக் குளிப்பாட்டுனாருன்னு எனக்குத் தெரியும்," என்றேன்.

லெயாண்ட்ரோ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மறுபடி ஆரம்பிச்சிட்டியா? அவர் செத்தே பதினோரு வருஷம் ஆச்சு. உண்மையச் சொல்லணும்னா, நீ எப்பவும் கேட்டு வாங்குவ அண்ணே. நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன், தப்பிச்சேன்."

கை நழுவியது என்று பிறகு பலரிடம் சொன்னேன். நழுவவில்லை. அவன் பிடரியைப் பார்த்தேன். இரண்டு கையையும் விரித்தேன்.

கள்ளி அவன் தோளிலும் கழுத்திலும் இடது கன்னத்திலும் விழுந்தது. அவனைத் தரையோடு அழுத்தி மூன்று துண்டாக ஒடிந்தது. அப்படி ஒரு அலறலை நான் கேட்டதில்லை. அதை உதறிக்கொண்டு எழுந்தான். முகத்தில் ஒரு பக்கம் முழுவதும் முள். கண் மூடியிருந்தது, கத்தி கையில் இருந்தது. என்னை நோக்கி வீசினான். முன்னங்கையில் சுரீர் என்றது. எலும்புவரை இறங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். முள் நிறைந்த அந்தக் கன்னத்திலேயே குத்தினேன். முட்கள் அவனுக்குள்ளும் போயின, என் விரல் முட்டிக்குள்ளும் போயின. மறுபடி குத்தினேன். அவன் என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். என் பல் உடைந்தது. கத்தி எங்கோ விழுந்துவிட்டது. ஓட்டுச் சில்லுகள்மேல் உருண்டோம். நான் மேலே ஏறி அவன் கழுத்தைப் பிடித்தேன். பின்னாலிருந்து யாரோ என் சட்டையை இழுத்தார்கள். முழங்கையை வேகமாகப் பின்னுக்கு வீசினேன்.

அம்மா விழுந்த சத்தம் கேட்டதும் என் கை தானாக விட்டது.

எழுபத்து நாலு வயது. அவள் பிடித்து நடக்கும் நடைச்சட்டம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். உதடு கிழிந்து தாடையில் ரத்தம் வழிந்தது. தூக்கப் போனேன். முகத்தை மறைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அப்பா பக்கத்தில் வந்தால் அப்படித்தான் நகர்வாள்.

"அம்மா, தெரியாம பட்டுருச்சும்மா."

"அவன் சொல்லலடா," என்றாள்.

"என்னது?"

"லாரி விஷயம். இவன் சொல்லலடா. நான்தான் சொன்னேன். லாரியில கீறல் விழுந்திருந்துச்சு, அத நான்தான் செஞ்சேன்னு நினைச்சு என் முடியப் பிடிச்சு அடுப்புப் பக்கம் இழுத்துட்டுப் போனாரு. சூடு முகத்துல அடிச்சுது. உன் பேரச் சொல்லிட்டேன்."

லெயாண்ட்ரோ சுவரில் சாய்ந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். "இதுக்காகத்தானா?" என்றான். "இத்தனை வருஷமும் இதுக்காகத்தானா? ஒரு தடவ கேட்டிருக்கலாமேடா."

அவன் என்னை 'டா' என்றது அதுதான் முதல் தடவை.

பக்கத்து வீட்டுக்காரியை அம்மாவுக்குத் துணையாக வைத்துவிட்டு, ஒரு கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தம்பியை மருத்துவமனைக்கு ஓட்டிப் போனேன். நூற்றுப் பதினேழு முட்களை எடுத்தார்கள். ஒன்று கருவிழியில் ஏறியிருந்தது. என் கைக்குப் பத்தொன்பது தையல். போலீஸ்காரர் ஒருவர் வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேர் அறுக்கும்போது செடி விழுந்துச்சு. அந்த அதிர்ச்சில கத்தி அண்ணன் கைல பட்டுருச்சு," என்றான் லெயாண்ட்ரோ.

"மூஞ்சில விரல் முட்டி அச்சு இருக்கே?"

"அது கள்ளியோட முட்டி சார்."

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டு போனார். அவர் போனதும், "நான்தான் விட்டேன்," என்றேன்.

"தெரியும். கம்பளம் நழுவினா சத்தம் வரும். வரல." நல்ல கண்ணையும் மூடிக்கொண்டான். "போ இப்ப."

மறுநாள் அம்மா வீட்டுக்குப் போய்ச் சில்லுகளைப் பெருக்கினேன். ஒடிந்த துண்டுகளின் நுனியைச் சீவி, காயட்டும் என்று வரிசையாக வைத்தேன். இரண்டு வாரம் கழித்து நான் ஒருவனே அவற்றைப் புதுத் தொட்டியில் நட்டேன். அம்மா உள்ளறையிலேயே இருந்தாள். எனக்கு அவளிடம் கத்த வேண்டும்போல் இருந்தது. கதவோரம் எட்டிப் பார்த்து, அவள் உதட்டில் இருந்த தழும்பைக் கண்டதும் தொட்டிக்கே திரும்பிவிட்டேன். கோபம் போகவில்லை. எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

தம்பி மனைவி மரிசேலா போனில் சொன்னாள்: "எங்க வாசல்ல உங்க நிழல் விழுந்தாலும் போலீஸக் கூப்பிடுவேன்." சரி என்றேன்.

மே மாதம் லெயாண்ட்ரோவே கூப்பிட்டான். இடது கண்ணில் பாதிப் பார்வை போய்விட்டது, வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை தோறும் கண் டாக்டரிடம் போக வேண்டும். மரிசேலாவுக்கு அன்று வேலை.

"தெரு முனையில நில்லு. வாசலுக்கு வராத," என்றான்.

நின்றேன். வந்து பின் சீட்டில் ஏறினான். போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாவது வியாழன் முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, "ஏ.சி. ரிப்பேர்காரன் வண்டில ஏ.சி. வேலை செய்யல, வெக்கமா இல்ல?" என்றான்.

கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.