முகத்தின் மேல் பெயர்

ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் யோகேஸ்வரன் ஒருமுறை சூடுபட்டவன். றொசல்லயில் அவன் எடுத்த ரயில் படத்தை யாரோ இணையத்திலிருந்து உருவி, ஓரத்தில் இருந்த அவன் பெயரை வெட்டிவிட்டு, ஒரு ஹோட்டல் விளம்பரத்தில் போட்டுக்கொண்டார்கள். கேட்கப் போனால், உன் படமென்பதற்கு என்ன அத்தாட்சி என்றார்கள். அன்றிலிருந்து அவன் பெயரை ஓரத்தில் போடுவதே இல்லை. படத்தில் இருப்பவரின் முகத்துக்குக் குறுக்கே பதித்தான். இப்போது வெட்டட்டும் பார்ப்போம் என்று ஒரு வீம்பு.

அப்படிப் பதித்த படமொன்றைக் கேட்டுத்தான் ஜீவராணி வந்திருந்தாள்.

"அண்ணே, நாளன்னைக்கு அம்மாவுக்குக் கருமாதிங்க. மாட்டி வைக்க ஒரு படம் இல்ல. ஐடியில மூஞ்சியே தெரியல. மலையில கொழுந்து எடுக்கிறப்ப நீங்க புடிச்சீங்களே, பேஸ்புக்ல கூட இருக்கு. அத உங்க பேரு இல்லாம தாங்கண்ணே."

"இருங்க தங்கச்சி" என்று கணினியைத் துழாவினான். மூலப் படம் இல்லை. அவசரத்தில் பெயரைப் பதித்து, மூலத்தின் மேலேயே சேமித்திருந்தான். கமராவின் மெமரி கார்டையும் அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாயிற்று. திருடனுக்குப் பயந்து வீட்டையே கொளுத்திய கெட்டிக்காரன்!

ஒரு மணிநேரம் மல்லுக்கட்டி எழுத்துகளை அழித்தான். முகம் மழமழவென்று வந்தது.

ஜீவராணி திரையையே பார்த்தாள். "இது யாருங்கண்ணே? அம்மா கன்னத்துல விறகு மிலாறு கிழிச்ச தழும்பு இருக்குமே."

தழும்பு அவன் பெயருக்கு அடியில் இருந்திருக்கிறது. எழுத்தோடு அதுவும் போய்விட்டது. அவனுக்கு அவளை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

"பேரு போட்டதையே தாங்க. அதுல கண்ணாவது அம்மா கண்ணா இருக்கு."

பெரிதாக அச்சடிக்கப் போனவனை மறுபடி கூப்பிட்டாள்.

"உங்க பேருதானே இருக்கு. கீழ அம்மா பேரையும் போட்டுருவீங்களா?"

மூன்று வருடத்துக்கு முன், 'கொழுந்து பறிக்கும் பெண்' என்று எழுதி அந்தப் படத்தை இணையத்தில் ஏற்றியவன் அவன். ஆயிரம் பேர் பாராட்டினார்கள். படத்தில் இருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

"அம்மா பேரு என்னங்க?" என்றான்.

"வீரம்மா."

நல்ல பெரிய எழுத்தாகப் போட்டுக் கொடுத்தான். ஆனாலும் முகத்தின் மேல் இருந்தது அவன் பெயர்தான்.